டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைப் புதுநன்மைக்குத் தயார் செய்வது எப்படி

யாங்கூனில் எங்கள் வீடு நாலாம் மாடியில். லிப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ்முனையில் கிளிப், மேல்முனையில் மணி. காலையில் ரொட்டிக்காரர் கீழே கயிற்றை ஆட்டினால் மணி அடிக்கும். என் தங்கை மகன் ஓடிப்போய் ரொட்டியையும் அவித்த பட்டாணியையும் மேலே இழுப்பான். வயது 12. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவன், எதையும் கற்க நாளாகும். அவனைப் புதுநன்மைக்கு, அதாவது பூசையில் இயேசுவின் உடலாகிய அப்பத்தை முதல்முறையாக வாங்குவதற்கு, தயார் செய்ய வேண்டியிருந்தது. மறைக்கல்வி வகுப்பில் பல வருடம் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றது இந்தக் கயிற்றிலிருந்துதான்.

முதலில் உங்கள் மனதைச் சரிசெய்துகொள்ளுங்கள். உறவுக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "அவனுக்கு என்ன புரியும்?" என்பது ஒன்று. "அவன் சம்மனசு, வானதூதன், பாவமே இல்லாதவன், அவனுக்கு எதற்கு நன்மை?" என்பது இன்னொன்று. இரண்டாவதை அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு அதுதான் அதிகம் வலிக்கும். சம்மனசுக்குப் பசிக்காது, கோபம் வராது. இவன் அக்காவின் பென்சிலை ஒளித்துவைப்பான், கேட்டால் அடிப்பான், அப்புறம் தானே போய் அவள் கன்னத்தைத் தடவுவான். இவன் மனிதன். ஆண்டவர் அப்பமாக வந்தது மனிதருக்காக.

அடுத்து ஃபாதரிடம் பேசுங்கள். நாங்கள் முதலில் கேட்ட இடத்தில் "எல்லா செபத்தையும் ஒப்பிக்கட்டும், பார்க்கலாம்" என்றார்கள். இரண்டு வருடம் வீணானது. திருச்சபைச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 777ஆம் எண்ணைப் பாருங்கள்: உடலிலோ மனதிலோ குறை உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கு ஏற்ற அளவில் மறைக்கல்வி கிடைக்கும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும். 913ஆம் எண் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் அறிவும் அவரவர் திறனுக்கு உட்பட்டதுதான். சாதாரண ரொட்டி வேறு, இது வேறு என்று பிள்ளை ஒரு சைகையாலோ பணிவான மௌனத்தாலோ காட்டினாலே போதும் என்று அமெரிக்க ஆயர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். சண்டைக்குப் போகாமல், இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பாடம் தொடங்கும் முன் காதைப் பரிசோதியுங்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் பலருக்குக் காதுக்குள் நீர் கோத்துக் கேட்பது மந்தமாகும். காது கேட்காததை மூளைக்கு எட்டவில்லை என்று நினைத்துவிடுகிறோம். இவர்களுக்குக் கேட்டுப் படிப்பதைவிடப் பார்த்துப் படிப்பது சுலபம். அதனால் உங்கள் கோயில் பீடத்தையும் உங்கள் ஃபாதரையும் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம் என்று வளர்கிற பிள்ளைக்குச் செபமாவது ஒரே மொழியில் இருக்கட்டும். சிலுவை அடையாளமும் "ஆமென்" என்ற ஒரு சொல்லும் வந்தால் எனக்குத் திருப்தி.

இனி ரொட்டிப் பாடம். எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது. காலை மணி அடித்து ரொட்டி வந்ததும், "இது வயிற்றுக்கு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். சாயங்காலம் பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) முன் மெழுகுவர்த்தி ஏற்றி, கோயில் மணியைப் போலச் சின்ன மணியை அடித்து, "அங்கே மணி அடித்தால் இயேசு" என்று நெஞ்சைத் தொட்டேன். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கும் எழுந்தேற்ற மணிக்கும் அதே சைகை. ஒரு ஞாயிறு நான் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தேன். மணி அடித்தது. அவன் என் வாயில் விரலை வைத்து அடக்கிவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டான். வீட்டு மணிக்குக் கத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளை அவன்! அன்றே ஃபாதரிடம் போய்ச் சொன்னேன்.

விழுங்கப் பழக்குவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இவர்களுக்குத் தசை தளர்வாக இருக்கும், வாய் சிறியது, காய்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பயந்து துப்பினால் எல்லோருக்கும் மனக்கஷ்டம். வசீகரம் செய்யாத, அதாவது பூசையில் இன்னும் அர்ச்சிக்காத அப்பத்தைக் கேட்டு வாங்கி, முதலில் கால் துண்டு கொடுங்கள். முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும். நன்மை வாங்கும் முன் சாப்பிடாமல் இருக்கும் நற்கருணை உபவாசத்தைத் தண்ணீர் முறிக்காது. அன்றைக்கும் சின்னத் துண்டே போதும், ஒரு துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது; அப்படி இருந்தால் பசைச்சத்து (குளூட்டன்) குறைந்த அப்பமோ திரு இரத்தம் (அர்ச்சித்த திராட்சை இரசம்) மட்டுமோ வாங்கலாம், ஃபாதரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

செய்த தவறுகளை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு நாலு படம் வரைந்தேன்: அடிப்பது, ஒளிப்பது, பொய், தள்ளுவது. அவன் இரண்டைத் தொட்டுவிட்டுத் தலையைக் குனிந்தான். ஃபாதருக்கு அது போதுமாக இருந்தது.

பிள்ளையின் அம்மாவையும் தயார் செய்ய வேண்டும். என் தங்கையிடம் "என்ன பாவம் செய்தாயோ" என்று கேட்டவர்கள் உண்டு. முற்பிறவிக் கடன் என்றவர்களும் உண்டு. அவளை உட்காரவைத்து யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை வாசித்தேன். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவரும் இல்லை, அவர் பெற்றோரும் இல்லை என்கிறார் இயேசு. டவுன் சிண்ட்ரோமுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959இல் பிரான்சில் வெளியிட்ட மருத்துவர்களில் ஒருவர் ழெரோம் லெஜூன். இந்தப் பிள்ளைகள் பிறக்கவே கூடாது என்றவர்களை எதிர்த்துக் கடைசிவரை பேசிய கத்தோலிக்கர். 2021இல் திருச்சபை அவரை, புனிதர் பட்டத்துக்கான ஒரு படியாக, வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. தங்கை அவர் படத்தைச் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

அந்த நாளுக்கு முன் ஆளில்லாத கோயிலில் மூன்று நாலு தடவை நடந்து பழக்குங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் திடீரென்று உறுமும். அதை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தனிப் பூசை, தனி மூலை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மற்ற பிள்ளைகளோடு, அதே வரிசையில், அவன் உயரத்துக்கு எங்கே வருமோ அங்கே நிற்கட்டும். அவனுக்கு முன்னால் நிற்பவன் அவனுக்குப் பழக்கமான பையனாக இருந்தால் நல்லது, பார்த்துச் செய்வான்.

அடுத்த ஞாயிறும் கூட்டிப்போங்கள். அதற்கடுத்த ஞாயிறும்.