ஷட்டர் திடீரென்று கனக்கிறதா? கையை எடுங்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம்மவர்கள் தினமும் ஏற்றி இறக்கப் போவது ரோலர் ஷட்டரை. தேக்காவில் கடை, சின் மிங்கில் கார்ப் பட்டறை, துவாஸில் கிடங்கு என்று எங்கே போனாலும் காலையில் முதல் வேலை அதுதான். ஊரில் ஷட்டர் மக்கர் செய்தால் கொக்கிக் கம்பியை மாட்டி ஓங்கி இழுப்போம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

முதலில் எடையைப் புரிந்துகொள்ளுங்கள். இரும்புப் பட்டை சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ வரும். 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 90 கிலோ. மோட்டார் இல்லாத ஷட்டரை ஒரே ஆள் தூக்க முடிகிறதென்றால், மேலே ஷட்டர் சுருளும் பைப்பில் முறுக்கேறி நிற்கும் ஸ்பிரிங் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்று அர்த்தம். நல்ல ஷட்டரைப் பாதி உயரத்தில் விட்டால் ஏறக்குறைய அங்கேயே நிற்கும்.

நேற்றுவரை லேசாக ஏறியது இன்று கனத்தால், விட்டதும் கீழே சரிந்தால், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தாழ்ந்தால், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். உடையும்போது ‘டமார்’ என்று சத்தம் கேட்கும்; இரவில் உடைந்தால் அதுவும் தெரியாது. பல ஸ்பிரிங் உள்ள ஷட்டரில் ஒன்று போனால் மிச்சமுள்ளவை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் “நேற்றுகூட ஓடியதே” என்பார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்பது அதைவிட ஆபத்து: மேலே போனபின் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. ஸ்பிரிங் பக்கம் உள்ள போல்ட்டைக் கழற்றவும் கூடாது. முறுக்கு ஒரே நொடியில் அவிழ்ந்தால் கை எலும்பு முறியும்.

லாரி பின்னால் வந்து இடித்த ஷட்டரில் நடுவில் உள்ள பள்ளம் மட்டும் கண்ணில் படும். ஆபத்து ஓரத்தில் இருக்கிறது. பட்டை வளைந்தால் முனைக்கு முனை அதன் நீளம் குறையும். இரு முனையும், அவை ஏறி இறங்கும் பக்கச் சேனலை விட்டு உள்ளே நகரும். சற்றுத் தள்ளிக் குனிந்து, சேனல் நெடுகக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். எந்தப் பட்டையின் முனையாவது வெளியே தெரிந்தாலோ, சேனலின் வாய் விரிந்திருந்தாலோ, ஷட்டரை அசைக்க வேண்டாம். அப்படியே தரையையும் பாருங்கள். பெருக்கிய இடத்தில், சுவரை ஒட்டிப் புதிதாகச் சிமெண்டுத் தூள் கிடந்தால், மேலே பைப்பைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் சுவருக்குள் ஆடிக்கொண்டிருக்கலாம். இதைக் கவனிப்பவர்கள் குறைவு. முழுச் சுருளும் நிற்பது அந்தப் போல்ட்டில்தான்.

தினமும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் கடைகளில் கீழ்ப் பட்டைகளும் சேனலின் அடியும் துருப்பிடித்துப் பொரியும். தொட்டால் உதிர்கிற அளவுக்குப் போனால் மாற்றியே ஆக வேண்டும்.

மோட்டார் ஷட்டருக்கு வேறு அடையாளங்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தியபின்னும் சறுக்கிக்கொண்டு இறங்கினால் பிரேக் தேய்ந்திருக்கிறது. தரை தொட்டபின்னும் மோட்டார் ஓடிப் பட்டைகள் புடைத்தால், எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்லும் லிமிட் சுவிட்ச் கோளாறு. குறுக்கே ஏதாவது வந்தால் உணரும் மின்கண் இருந்தால், ஷட்டர் இறங்கும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் குறுக்கே தள்ளிப் பாருங்கள். ஷட்டர் நிற்க வேண்டும், அல்லது மேலே திரும்ப வேண்டும். கையையோ காலையோ நீட்டிச் சோதிக்காதீர்கள். மின்சாரம் இல்லாதபோது சங்கிலியால் ஏற்றுவதானால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பாதியில் மின்சாரம் வந்தால் மோட்டார் கிளம்பி, சங்கிலி கையைச் சுழற்றிவிடும். விழாமல் தடுக்கும் பிரேக் ஒருமுறை பிடித்துக்கொண்டால், அதை நீங்களாக விடுவிக்கக் கூடாது.

பாதியில் சிக்கி நின்றால் அடியில் குனிந்து போகாதீர்கள், “ஒரு நிமிஷம்தானே” என்றாலும். சுவிட்சை அணைத்து, இரு பக்கமும் ஆள் வராமல் தடுப்பு வைத்து, வேறு வழியாகப் போங்கள். கட்டைகொண்டு முட்டுக் கொடுக்க வேண்டாம், அது நழுவும். சூப்பர்வைசரிடம் “பாஸ், ஷட்டர் ஸ்பாயில், கேன்னாட் யூஸ்” என்றாலே இங்கே புரியும். படம் எடுத்து வாட்ஸ்ஆப்பிலும் அனுப்புங்கள். எப்போது சொன்னீர்கள் என்பது அதில் பதிவாகும். சொல்லியும் ஓட்டச் சொன்னால், வேலையிடப் பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிக்கும் மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் வழியாகப் படத்தோடு தெரிவிக்கலாம். யாராவது அடியில் மாட்டினால் 995-க்கு (ஆம்புலன்ஸ், தீயணைப்பு) அழையுங்கள்.

பழுதுபார்க்க ஷட்டர் குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) வருவார். மோட்டாரின் மின்வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். வேலை முடிந்து அவர்கள் கிளம்புமுன், அடியில் யாரையும் நிற்கவிடாமல் மூன்று முறை முழுதாக ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் ஒருமுறை நிறுத்தியும் காட்டச் சொல்லுங்கள்.