வெற்றுச் சுவர் அறையில் குரல் தெளிய: மாட்டிக் கழற்றும் ஒலி பேனல்கள்

அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் நின்ற பிறகும் ‘ட்ரிர்ர்’ என்று ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் அந்தச் சத்தத்தைப் பந்தாடிக்கொண்டிருக்கின்றன. பட்டி பார்த்து பெயின்ட் அடித்த சுவர், விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட் தளம் என்று இருக்கும் இன்றைய வீடுகளில் இது சகஜம். பேசும்போது பெரிதாகத் தெரியாது. ஆன்லைன் வகுப்பு எடுக்கும்போதோ, குரல் பதிவு செய்யும்போதோ, வீணையைச் சாதகம் செய்து அதைப் பதிவு செய்து கேட்கும்போதோதான் உறுத்தும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். மரச்சட்டத்துக்குள் பஞ்சுப் பலகை வைத்துத் துணி போர்த்திய இந்த பேனல்கள் அறைக்குள் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் பஸ் ஹாரன் எதையும் தடுக்காது. அதற்குக் கனமான கதவும், இடுக்கில்லாத ஜன்னலும் வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காசை விட்டவர்கள் ஏராளம்.

எத்தனை பேனல் வேண்டும்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் அந்தச் சிக்கலை ஒப்படைத்தார்கள். வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் ஒலி அடங்குகிறது என்று இரவு நேரங்களில் அளந்து அவர் கண்ட சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அடிக் கணக்கில் அது இவ்வளவுதான்: அறையின் கன அளவை 0.049ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எடுக்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். உறிஞ்சும் பரப்பைத் திறந்த ஜன்னல் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு சதுர அடி திறந்த ஜன்னலில் போன ஒலி திரும்பி வராது. எனவே அது ஓர் அலகு.

12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி உள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,200 கன அடி. கட்டில் மெத்தை, திரை, அலமாரி, ஓர் ஆள் எல்லாம் சேர்த்து உறிஞ்சும் பரப்பு ஏறக்குறைய 40 அலகு தேறும். கணக்குப்படி ஒலி அடங்க சுமார் 1.5 வினாடி. குரல் பதிவுக்கு அரை வினாடி அல்லது அதற்கும் கீழே வேண்டும். அதற்கு மொத்தம் 120 அலகு தேவை; அதாவது இன்னும் 80. நான்கடிக்கு இரண்டடி பேனல் ஒன்று, 2 அங்குலக் கனத்தில், பேச்சின் நடு அலைவரிசையில் ஏறக்குறைய தன் முழுப் பரப்பையும், அதாவது 8 அலகைத் தரும். ஆக, பத்து பேனல். சின்ன அறையில் இந்தச் சூத்திரம் துல்லியமாகப் பொருந்தாது என்றாலும், ஆறா பத்தா என்று முடிவெடுக்க இது போதும். வெறும் ஆன்லைன் வகுப்புக்கு மட்டும் என்றால் ஆறில் தொடங்குங்கள். கழற்றி மாட்டும் பேனல்தானே, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எதை வாங்கக் கூடாது

முட்டை அட்டை, தெர்மாகோல் இரண்டும் வேண்டாம். முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ்; உயர்ந்த சுருதியில் கொஞ்சம் மட்டும் எடுக்கும். தெர்மாகோலின் குமிழ்கள் மூடியவை, காற்று உள்ளேயே புகாது. காற்று புகாத பொருள் ஒலியை உறிஞ்சாது.

கூம்பு கூம்பாக வரும் ஓர் அங்குல ஃபோம்தான் பெரும்பாலோர் விழும் குழி. அது ‘ஸ்’, ‘ச்’ ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு ஆண் குரலின் அடிப்பகுதியை அப்படியே விட்டுவிடும். நான்கு சுவரிலும் ஒட்டி முடித்தபின் பதிவைக் கேட்டால் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். ஒட்டிய பசை பெயின்டோடுதான் வரும். சாதாரண பாலியூரிதேன் ஃபோம் தீப்பிடித்தால் மளமளவென்று எரிந்து விஷப்புகையையும் கக்கும். மின்கம்பிகள் நிறைந்த அறையில் அதைச் சுவர் முழுக்க ஒட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அழகழகான நிறத்தில் வரும் 9 மி.மீ. பாலியஸ்டர் பலகைகளுக்கும் கனம் போதாது. ஒரே விதிதான்: பரப்பைக் கூட்டுமுன் கனத்தைக் கூட்டுங்கள்.

வாங்க வேண்டியது ராக்வுல் ஸ்லாப், அதாவது கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சுப் பலகை: அடர்த்தி கன மீட்டருக்கு 48 கிலோ, கனம் 50 மி.மீ. ஏசி டக்ட், பாய்லர் இன்சுலேஷன் பொருள் விற்கும் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். 48 அடர்த்தி கிளாஸ்வுல்லும் சரியே. சுருளாக வரும் தளர்வான ரகம் வேண்டாம், தொங்கவிட்டால் கீழே சரிந்து குவிந்துவிடும். ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது மட்டும்தான் கிடைக்கிறது என்றால், அந்தப் பக்கம் சுவரைப் பார்க்க வேண்டும். அறையைப் பார்த்தால் உயர்ந்த ஒலிகளைத் திருப்பி அடிக்கும்.

ஸ்லாப் வீட்டுக்கு வந்து, அதை அளந்த பிறகே மரம் அறுக்கச் சொல்லுங்கள். 1200 x 600 என்று பில்லில் இருந்தாலும் கையில் வருவது 1000 x 600ஆக இருக்கலாம்.

சட்டம்

கீழே உள்ள அளவு 1200 x 600 மி.மீ. ஸ்லாப்புக்கு. 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனமுள்ள பைன் அல்லது சில்வர் ஓக் பலகை ஒரு பேனலுக்கு 12 அடியிலிருந்து 13 அடி வரை. 1235 மி.மீ. துண்டு இரண்டு, 597 மி.மீ. துண்டு இரண்டு. குட்டைத் துண்டுகள் நெட்டைத் துண்டுகளுக்கு நடுவே உட்கார வேண்டும். உள்ளளவு ஸ்லாப்பைவிட 3 மி.மீ. குறைவாக இருப்பதால் ஸ்லாப் இறுக்கமாக நிற்கும். மூலைகளில் ஃபெவிகால் வைத்து, மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ. மெல்லிய பிட்டால் முன்துளை போடாமல் முடுக்கினால் பைன் பிளந்துவிடும். இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாட்டும்போது பேனல் சாய்ந்தே தெரியும்.

அடுத்து, 2 x ¾ அங்குல ரீப்பரில் 597 மி.மீ. குறுக்குச் சட்டம் இரண்டு. மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு உயரத்தில், சட்டத்தின் பின்விளிம்போடு மட்டமாகப் படுக்கவைத்து அடியுங்கள். துணியை இழுத்துக் கட்டும்போது நெட்டைச் சட்டங்கள் உள்வாங்காமல் இவைதான் காக்கும். ஸ்லாப் பின்னால் விழாமலும் தடுக்கும்.

ராக்வுல்லைத் தொடும் முன் முழுக்கைச் சட்டை, கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மொட்டை மாடியில் செய்வது உத்தமம். மேலில் பட்டு அரித்தால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவுங்கள். ஒவ்வொரு ஸ்லாப்பையும் முகக்கவசம் தைக்கும் மெல்லிய நான்வோவன் துணியில் பொட்டலம்போல் சுற்றிவிட்டால் பிறகு இழை உதிராது. பிளாஸ்டிக் பையில் சுற்றாதீர்கள்.

வெளித்துணிக்கு ஒரே சோதனை: வாயில் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் மறுபுறம் வர வேண்டும். காடா துணி, சணல் துணி, மெல்லிய கைத்தறி எல்லாம் தேறும். ரெக்சின், கோட்டிங் கொடுத்த சோபாத் துணி தேறாது. 36 அங்குல அகலத் துணி பேனலுக்கு ஒன்றரை மீட்டர். காடாவை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிடும்.

சுற்றிய ஸ்லாப்பை முன்பக்கமிருந்து சட்டத்துக்குள் இறக்கி, முன்விளிம்போடு மட்டமானதும் நிறுத்துங்கள். துணியைத் தரையில் விரித்து, பேனலை அதன் மேல் குப்புறப் போடுங்கள். 8 மி.மீ. பின்னுடன் ஸ்டேப்ளர் கன். முதல் பின் ஒரு நெட்டைப் பக்கத்தின் நடுவில், இரண்டாவது நேர் எதிர்ப்பக்கத்தின் நடுவில், பிறகு குட்டைப் பக்கங்களின் நடுவில். அங்கிருந்து மூலைகளை நோக்கி, இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு பின். மூலையிலிருந்து தொடங்கினால் துணியின் நூலோட்டம் கோணிக்கொள்ளும். கோடு போட்ட துணியானால் அது தூரத்திலிருந்தே தெரியும்.

மாட்டும் முறை

எளிதாக மாட்டவும் கழற்றவும் சரிவுப் பட்டையைப் போல வேறில்லை. 12 மி.மீ. பிளைவுட்டில் 4 அங்குல அகலம், 20 அங்குல நீளத்தில் ஒரு பட்டை. அதை ஆசாரியிடம் கொடுத்து நீளவாக்கில் நடுவே 45 டிகிரி சாய்வில் அறுத்தால் இரண்டு பாதி கிடைக்கும். ஒரு பாதி, சாய்ந்த விளிம்பு மேலே இருக்கும்படி சுவரில். சாய்வு சுவரை நோக்கி இறங்க வேண்டும். பட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு வடிவப் பள்ளம் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். மறு பாதி பேனலின் பின்புறம், மேல் சட்டத்தின் மேல், சாய்வு கீழ்ப்பார்த்து. பேனலைத் தூக்கி வைத்தால் தன் எடையாலேயே கவ்விக்கொள்ளும். பேனலின் கீழ்விளிம்பிலும் அதே 12 மி.மீ. துண்டு ஒன்றை அடித்தால்தான் நேராகத் தொங்கும். மறந்தால் அடிப்பக்கம் சுவரை நோக்கிச் சாயும்.

ஸ்லாப்புக்குப் பின்னால் சட்டத்துக்குள் ஓர் அங்குலம், பட்டையால் அரை அங்குலம் என ஒன்றரை அங்குலக் காற்று இடைவெளி இப்போது கிடைத்துவிடுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு மிகக் குறைவு. சற்றுத் தள்ளி வைத்தால், அதே பஞ்சு இன்னும் தாழ்ந்த சுருதிகளையும் பிடிக்கும். செலவில்லாத லாபம்.

ஒரு பேனலின் எடை ஏறக்குறைய 6 கிலோ. பட்டைக்கு இரண்டு ஸ்க்ரூ போதும்: 8 மி.மீ. பிட், 50 மி.மீ. நைலான் பிளக், 65 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் பிளக் இறங்க வேண்டும். பிட்டில் 60 மி.மீ. தூரத்தில் ஒரு டேப் சுற்றி, அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள். துளையிலிருந்து செம்பொடி வந்தால் செங்கல். சாம்பல் பொடி வந்து டிரில் முரண்டு பிடித்தால் தூண் அல்லது பீம். ஹாமர் டிரில் வேண்டும். ஏஏசி பிளாக் (நுரைபோல் துளைகள் உள்ள லேசான கான்கிரீட் கல்) சுவரானால் ஹாமரை அணைத்துவிட்டு, அதற்கென விற்கும் பிளக்கை வாங்குங்கள். சாதாரண பிளக் சுழன்றுகொண்டே இருக்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் துளை போடவே கூடாது. கம்பிக் குழாய் ஓடும் பாதை அது.

வாடகை வீட்டில் துளையிட அனுமதி இல்லையென்றால், ஒட்டும் கொக்கிகளை நம்பாதீர்கள். பசை தாங்கும், பட்டி தாங்காது. உரிந்து பேனலோடு விழும். பேனலின் அடியில் குறுக்காக ஓரடி நீளக் கால் இரண்டு அடித்து ஸ்க்ரீன்போல் நிறுத்திக்கொள்ளலாம். சுவரிலிருந்து தள்ளி நிற்பதால் உறிஞ்சுவதும் கூடுதல்.

எங்கே மாட்டுவது

மைக்குக்குப் பின்னால் மாட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலான ஸ்டுடியோ மைக்குகள் கார்டியாய்ட் வகை. அவை முன்னால் வருவதையே அதிகம் வாங்கும். மைக்கின் முன்னால் இருப்பது உங்கள் வாயும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். எனவே முதல் மூன்று பேனல்கள் முதுகுப் பக்கச் சுவருக்கு. பிறகு இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு. நேருக்கு நேர் வேண்டாம், ஒரு பக்கம் பேனல் உள்ள இடத்தில் எதிர்ப்பக்கம் வெறுஞ்சுவர் வரும்படி மாற்றிப் போடுங்கள். கைதட்டலில் கேட்ட ‘ட்ரிர்ர்’ இதிலேயே போய்விடும். மைக்குக்குப் பின்னால் ஒன்று. எல்லாமே தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி ஆறடியில் முடிந்தால், உட்கார்ந்து பேசுபவரின் வாய் நடுவில் வரும். ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும் அறை என்றால் ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் புள்ளியே பேனலின் இடம்.

மீதி இரண்டும் பின் மூலைகளுக்கு. 10 அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு தங்கும். அகலமும் 10, உயரமும் 10 என்றால் அதே அதிர்வு இரட்டிப்பாகி மிருதங்கத்தின் இடந்தலையை ஊதிக்காட்டும். இந்த இரண்டை மட்டும் 5 அங்குலப் பலகையில், ஸ்லாப் இரண்டை அடுக்கிச் செய்து, மூலைக்குக் குறுக்கே தரையில் நிறுத்துங்கள். பின்னால் நடுவில் ஏறக்குறைய ஓரடி காற்று கிடைக்கும். ஆக மொத்தம் 12 ஸ்லாப் வாங்க வேண்டியிருக்கும். இவ்வளவு தாழ்ந்த சுருதியை இது முழுதாக அடக்காது, மழுக்கும். அதற்கு மேலும் அதிர்ந்தால், நாற்காலியைச் சுவரிலிருந்தும் அறையின் சரிநடுவிலிருந்தும் ஓரிரு அடி நகர்த்திப் பாருங்கள். பல நேரம் இன்னொரு பேனலைவிட அது உதவும்.

கூரையில் தொங்கவிடுவதைத் தவிர்த்துவிடலாம். நடுவில் மின்விசிறி, தளத்துக்குள் அதன் கம்பிக் குழாய், தலைக்கு மேல் 6 கிலோ. அந்தத் தொல்லைக்கு, தரையில் கனமான கம்பளம் விரிப்பது மேல். பவானி ஜமக்காளம் ஒன்றை மட்டும் விரித்தால் போதாது, மெல்லியது. அடியில் பழைய மெத்தைவிரிப்பு ஒன்றைப் போட்டு அதன் மேல் விரியுங்கள். ஜன்னலுக்கு, அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி கொசுவி விழும் கனத்த திரை.

சோதனைக்கு, மாட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரே பத்தியைப் படித்துப் பதிவு செய்து, ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். எண்ணாகவே வேண்டும் என்றால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரானால் அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை பேனலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் வெயிலில் காயவைத்து, சுவர் காயும் வரை மாட்ட வேண்டாம். தூசியை வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனையால் எடுங்கள். துடைப்பத்தால் தட்டினால் துணி தொய்யும். பல்லி குடியேறுவது தவிர்க்க முடியாதது. பின்பக்கத் திறப்பில் கொசுவலைத் துணியை வைத்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் முட்டை சட்டத்துக்கு வெளியேதான் இருக்கும்.