விடியலில் ஆற்றங்கரைத் தேவாலயம்: வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1879இல் பிரெஞ்சு ஓவியர் மோனே ‘மூடுபனியில் வெத்தேய்’ ஓவியத்தை வரைந்தார். செய்ன் நதிக்கரைக் கிராமமும் அதன் தேவாலயமும் பனிக்குள் கரைந்து நிற்கும் காட்சி அது. ஓபரா பாடகரும் ஓவியச் சேகரிப்பாளருமான ஃபோர், ஒரே வெள்ளையாக இருக்கிறது என்று வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஓவியம் இன்று பாரிஸின் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உற்றுப் பாருங்கள்: பனி வெறும் வெள்ளையல்ல, இளநீலமும் ஊதாவும் கலந்த வெளுப்பு. பனி என்றதும் டியூபிலிருந்து வெள்ளையைப் பிதுக்கி அப்படியே பூசுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. நிழலுக்குக் கறுப்பை எடுப்பதும் அதே வகைதான். விடியல் நிழலில் நீலம்தான் மேலோங்கும்.

அடுத்த தவறு என்னையும் நெடுநாள் விடவில்லை. கோபுரத்தைப் பார்த்ததும் ஜன்னல்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். கல் கல்லாக வரைந்து முடித்தால் கட்டடம் இருக்கும், விடியல் இருக்காது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அப்போது தெரிகிற இரண்டு மூன்று பெரிய வண்ணத் திட்டுகள் போதும். கட்டடத்தின் ஓரத்தைக் கோடு போட்டு அடைக்க வேண்டாம், வானத்தோடு கொஞ்சம் கலக்கட்டும். ஆனால் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்து மழுக்கிவிடவும் கூடாது. தூரிகைத் தீற்றல்கள் தனித்தனியாகத் தெரிந்தால்தான் ஒளி துடிக்கும்.

தண்ணீரில் விழும் பிம்பத்தை மேலே இருப்பதன் நகலாகப் போடாதீர்கள். பொதுவாக வெளிச்சமான பகுதி நீரில் சற்று மங்கும், இருண்ட பகுதி சற்று வெளுக்கும். பிம்பம் கோபுரத்துக்கு நேர் கீழேதான் விழும், பக்கவாட்டில் சாயாது. சாய்வது நிழல்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒரே கேன்வாஸோடு வெயில் ஏறும்வரை மல்லுக்கட்டுவது. ஆறு மணிக்குத் தொடங்கிய படத்தில் எட்டு மணி வெளிச்சம் வந்து சேர்ந்தால் இரண்டும் கெட்டுவிடும். 1896-97இல் தான் குடியிருந்த ஜிவெர்னி கிராமத்தின் அருகே செய்ன் நதியின் காலைகளை வரைந்தபோது மோனே அதிகாலை மூன்றரைக்கே எழுந்துவிடுவார். படகில் இருந்தபடியே பதினான்கு கேன்வாஸ்களை மாற்றி மாற்றி வரைந்தார். ஒளி மாறினால் அடுத்த கேன்வாஸ், அவ்வளவுதான். நமக்குப் பதினான்கு வேண்டாம், இரண்டு போதும். வெளிச்சம் மாறியதும் முதல் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து உட்காருங்கள்.