ஐந்தடிப் பலகையில் ஒரு கூட்ஸ் யார்டு: மாடல் ரயில் பழகும்போது சறுக்கும் இடங்கள்

மாடல் ரயிலில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் செய்வது எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒன்றை வாங்கி வந்து ஹாலில் சாய்த்து வைப்பது. மலை வேண்டும், சுரங்கம் வேண்டும், பாலம் வேண்டும், முடிந்தால் ஊட்டி ரயிலும் வேண்டும். ஒரு வருஷம் போனால் அந்தப் பலகையின் மேல் துணி காயும். எங்கள் வீட்டில் காய்ந்தது.

தண்டவாளம் போடுவது, ஒயர் பற்றவைப்பது, ஜல்லி கொட்டுவது, வண்டியை நத்தை வேகத்தில் நகர்த்துவது எல்லாம் வேறு வேறு கைவேலை. அவற்றை ஒரு பெரிய மலைக்கு அடியில் பழக முடியாது. அதற்கென்று ஒரு சின்னப் பலகை வேண்டும். பழகி முடித்ததும் பிய்த்துப் போட மனசு வருகிற பலகையாக அது இருக்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பாதி, பழகும் பலகையைக் கல்வெட்டாக நினைத்துக்கொண்டு செய்தவை. அதில் என்னுடையவையும் உண்டு.

என்ன போடுவது என்று யோசித்து மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆலன் ரைட் என்கிற ஆங்கிலேயர் உருவாக்கிய 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' போதும். இரண்டே பாயிண்ட் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று லைன். ஒரு லைனில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இந்தப் பக்கம் இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் தடத்தில் இன்ஜினோடு மூன்று வேகன் மட்டும் அடங்கும். மொத்தம் எட்டு வேகன். எட்டுச் சீட்டில் பெயர் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் நீள லைனில் கோத்து நிறுத்த வேண்டும். 6,720 வரிசைகள் வரும். வாழ்நாள் முழுக்க ஷண்டிங் செய்தாலும் தீராது.

இங்கேதான் முதல் சறுக்கல், நீளக்கணக்கில். நான்கு அடிப் பலகை போதும் என்று யாரோ சொன்னார்கள் என்று வெட்டிவிடுவார்கள். சொன்னவர் மனதில் இருந்தது இங்கிலாந்தின் குட்டி நாலுசக்கர வேகன். நம் ஆள் கையில் இருப்பது பாக்ஸ்என், நம் ரயில்வேயின் நிலக்கரி வேகன். அசல் பாக்ஸ்என் கப்ளிங்கோடு சேர்த்து 10.713 மீட்டர். எச்.ஓ. அளவு என்பது 1:87, ஆகவே ஒரு வேகன் 123 மில்லிமீட்டர். ஐந்து வேகனுக்கு ஏறக்குறைய 62 சென்டிமீட்டர். டபிள்யூடிஎம்-2 மாதிரியான டீசல் இன்ஜின் அசலில் 17 மீட்டர் சொச்சம், மாடலில் 20 சென்டிமீட்டர். அதோடு மூன்று வேகன் சேர்த்தால் 57. நடுவில் சின்ன ரேடியஸ் பாயிண்ட் ஒன்று 18.5. பாயிண்டைத் தாண்டியதும் இரண்டு லைனும் ஒட்டியே ஓடும், அங்கே வண்டியை நிறுத்தினால் பக்கத்து லைன் வண்டியில் உரசும். அதற்கு நாலைந்து அங்குலம் விட வேண்டும். எல்லாம் கூட்டினால் ஐந்தடி வந்துவிடுகிறது.

இதில் தாராளமும் ஆகாது. இன்ஜின் தடத்தில் நாலாவது வேகனுக்கு இடம் கிடைத்துவிட்டால் விளையாட்டு சப்பென்று ஆகிவிடும். மூன்றாவது வேகன் முக்கால்வாசிதான் ஏறுகிறது என்றால் புதிரே அவிழாது. கையில் இருக்கும் வேகன்களை மேஜையில் கோத்து, டேப்பால் அளந்து, பிறகுதான் ஆசாரியிடம் போக வேண்டும்.

ஆசாரி என்றதும் ஞாபகம் வருகிறது. என் பலகைக்கு 9 எம்.எம். ப்ளைவுட்டும் அடியில் சட்டமும் அடித்துக் கொடுத்தவர், கிளம்பும்போது, "சார், அடிப்பக்கமும் பெயின்ட் அடிச்சிருங்க, இல்லேன்னா ஐப்பசியில நெளிஞ்சுடும்" என்றார். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேல்பக்கம் மட்டும் அடித்தேன். ஐப்பசி வந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி. நிறுத்திய வேகன் தானாகவே உருண்டு போய் இன்ஜினை முட்டும். இரண்டு பக்கமும், வெட்டிய ஓரங்களிலும் பெயின்ட் அடித்தால் மரம் ஈரத்தை ஒரே சீராக வாங்கும், நெளியாது. எம்.டி.எஃப். மலிவு, ஆனால் சென்னை மழைக்கு ஊறிவிடும், வேண்டாம்.

தெர்மாகோலில் குன்று செய்ய ஆசைப்படுவோருக்கும் ஒரு வார்த்தை. செருப்புத் தைக்கும் கடையில் மணக்கும் அந்த ரப்பர் பசையும் டப்பா ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசைதான் அதற்கு.

தண்டவாளத்துக்கு வருவோம். இணைப்பில் இருக்கும் குட்டி ஃபிஷ் பிளேட்டுக்குள் தண்டவாளத்தின் அடி நுழைய வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கம் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரல் நகத்தைத் தண்டவாளத்தின் தலையில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், தட்டினால் அங்கேதான் சக்கரமும் தட்டும். வெட்டிய முனையை அரத்தால் இரண்டு இழுப்பு இழுக்காமல் கோத்தாலும் இதே கதிதான். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து மூடிவிடுவது அதற்கு நேரெதிரான தப்பு. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, 20 டிகிரி சூடு ஏறினால், மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். மரமோ வெயிலில் காய்ந்து சுருங்கும். இரண்டும் எதிரெதிராக இழுத்தால் தடம் பாம்பாக நெளியும். ஓரிரு இணைப்பில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டால் போதும்.

இரண்டு பாயிண்டையும் எதிரெதிர்த் திசையில் திரும்பும்படி ஒட்டி வைத்தால் 'எஸ்' வளைவு உருவாகும். இழுக்கும்போது ஒன்றும் தெரியாது. பின்னால் தள்ளும்போது நடு வேகன் எகிறும். இடையில் குறைந்தது ஒரு வேகன் நீளத்துக்கு நேர்த்தடம் கொடுங்கள்.

அகலப்பாதை பற்றி ஒரு இடைச்செருகல். நம் பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தடம் 16.5 மில்லிமீட்டர்தான், அது 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜின் கணக்கு. இதைக் கண்டுபிடித்ததும் சிலருக்குத் தூக்கம் போய்விடும், சொந்தமாகத் தடம் செய்யக் கிளம்புவார்கள். பழகும் பலகையில் அந்த வைராக்கியம் வேண்டாம்.

இப்போது என்னை இரண்டு ராத்திரி அழவைத்த விஷயம். பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் 'வி' போலச் சேரும் மூக்குக்கு ஃபிராக் என்று பெயர், தவளைதான். சிலவற்றில் அது பிளாஸ்டிக், மின்சாரம் ஏறாது. சிலவற்றில் முழு உலோகம். உலோகத் தவளையில் மின்சாரம் இருப்பதால் இன்ஜின் அந்த இடத்தில் விக்காமல் மெதுவாகக் கடக்கும், ஷண்டிங்குக்கு அதுதான் உகந்தது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பாயிண்டை இடப்பக்கம் தள்ளினால் தவளை ஒரு முனையின் மின்சாரத்தை வாங்கும், வலப்பக்கம் தள்ளினால் எதிர்முனையின் மின்சாரத்தை.

நான் என்ன செய்தேன்? எல்லா லைனுக்கும் மின்சாரம் நன்றாகப் போகட்டும் என்று மூன்று லைனின் கோடியிலும் தனித்தனி ஒயர் பற்றவைத்தேன். நல்லெண்ணம்தான். பாயிண்டை எந்தப் பக்கம் தள்ளினாலும் கன்ட்ரோலர் சடாரென்று அணைகிறது. இன்ஜின்மேல் சந்தேகப்பட்டு அதைத் திறந்தேன். அரிசி அளவு ஸ்பிரிங் ஒன்று கட்டிலுக்கடியில் போனது, இன்றுவரை வரவில்லை. மறுநாள் மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கு வைத்து ஒவ்வொரு தண்டவாளமாகத் தொட்டபோதுதான் புரிந்தது. தவளை ஒரு முனையோடு சேர்ந்திருக்கும் நேரத்தில், அதே தண்டவாளத்துக்குக் கோடியிலிருந்து எதிர்முனையை நானே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

உலோகத் தவளை பாயிண்டுக்கு எப்போதும் கத்தி (பக்கம் மாறி நகரும் கூரான தண்டவாளம்) இருக்கும் முனையிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். தவளைக்கு அப்பால் ஒயர் வைத்தே ஆக வேண்டும் என்றால், தவளையிலிருந்து கிளம்பும் இரண்டு உள்தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஃபிஷ் பிளேட் போட்டுப் பிரிக்க வேண்டும். இங்கிள்நுக்கில் ஓடுவது ஒரே இன்ஜின். ஆகவே இன்ஜின் தடத்தில் ஒரே ஒரு ஜோடி ஒயர் கொடுத்தாலே வேலை முடிந்தது. பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த லைனில் மட்டும் உயிர் இருக்கும். டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாடு, அதற்கு இன்ஜினுக்குள் டிகோடர் என்று இந்தப் பலகையில் பணம் போடுவதைவிட, மெதுவாக ஓட்டத் தெரிந்த ஒரு நல்ல 12 வோல்ட் கன்ட்ரோலரில் போடலாம்.

பற்றவைப்பில் எல்லோரும் பயப்படுவது ஸ்லீப்பர் உருகிவிடும் என்று. பயந்துகொண்டு சின்ன அயர்னை நெடுநேரம் அழுத்தினால்தான் உருகும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை அரத்தால் பளபளப்பாக்கி, ஒயரின் நுனியில் முன்னாலேயே ஈயம் ஏற்றி, இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்து, நன்றாகச் சூடேறிய அயர்னால் மூன்று விநாடி தொட்டு எடுங்கள். உள்பக்கத்தில் ஈயம் திரண்டால் சக்கரத்தின் விளிம்பு ஏறிவிடும். ஈயம் ஒட்டுவதற்குத் தடவும் ஃபிளக்ஸில் ஆசிட் கலந்தது நாளடைவில் ஒயரை அரிக்கும், ரோசின் ஃபிளக்ஸ் வாங்குங்கள். கையைக் கழுவாமல் பஜ்ஜியைத் தொடாதீர்கள், அது ஈயம்.

ஜல்லிக்கு அவசரப்படாதீர்கள். ஜல்லி கொட்டியதும் பலகை நிஜ ரயில்வே மாதிரி ஆகிவிடும், அந்த ஆசையில்தான் சோதிக்காத தடத்தின்மேல் கொட்டுகிறோம். முதலில் தடத்தை நாலு ஆணியில் மட்டும் நிறுத்தி இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள். எட்டு வேகனையும் கோத்து முன்னால் இழுங்கள், பின்னால் தள்ளுங்கள், மெதுவாகவும் வேகமாகவும். ஒரே வேகன் எல்லா இடத்திலும் தடம் புரண்டால் கோளாறு வேகனில். அதன் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே ஏறத்தாழ 14.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளங்கள். எல்லா வேகனும் ஒரே இடத்தில் புரண்டால் கோளாறு தடத்தில். இதைக் குறித்துவைக்காமல் குத்துமதிப்பாகத் தடத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் நல்ல தடமும் கெடும்.

ஜல்லியின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரயில்வேயின் பெரிய ஜல்லி 65 மில்லிமீட்டர், மாடலில் முக்கால் மில்லிமீட்டர். கட்டடத்துக்குக் கொட்டியிருக்கும் எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்தால் ஏறக்குறைய அது கிடைக்கும். கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பு ஒரு பக்கம், அதில் கலந்திருக்கும் கருமணல் இன்னொரு பக்கம். எந்தப் பொடியானாலும் தாளில் பரப்பி, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே ஓட்டிப் பாருங்கள். மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும் இரும்புத் தூள் எல்லாம், இப்படி எடுக்காவிட்டால், இன்ஜினின் மோட்டார் காந்தத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

பரப்பிய ஜல்லியில் நேராகப் பசையை ஊற்றினால் அது முத்து முத்தாக உருண்டு குழி பறிக்கும். முதலில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைப் பூமாரியாகத் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாயிண்டின் கத்திக்கு அடியில் ஜல்லியே வேண்டாம். காயும் வரை அரைமணிக்கொரு தரம் பாயிண்டை இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டு வாருங்கள். தண்டவாளத்தின் தலையில் வழிந்த பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு வந்து குடியேறும். ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணி போதும்.

பிய்த்துப் போடும் பலகை என்று சொன்னதற்கு எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் ஜான் ஆலன் இந்தப் பொழுதுபோக்கின் பிரம்மா என்றே சொல்லலாம். கலிபோர்னியாவின் மான்டரேயில் அவர் கட்டிய ரயில்வேக்குப் பெயர் 'கோரி அண்ட் டிஃபீட்டட்', ரத்தக்களறியாகித் தோற்றது என்று சிலேடை. ஏறக்குறைய மூன்றரை அடிக்கு ஆறரை அடியில் தொடங்கிய அவருடைய முதல் சின்னப் பலகையை அவர் எறியவில்லை, பிற்பாடு பிரம்மாண்டமாக எழுந்த ரயில்வேக்குள் ஒரு மூலையாகச் சேர்த்துக்கொண்டார். 1973 ஜனவரியில் அவர் இறந்து சில நாளில் அதில் பெரும்பகுதி தீயில் போனது வேறு கதை. அவர் கை அப்படிப்பட்டது, முதல் பலகையே நின்றது. என் முதல் பலகையில் தவளைக்கு அப்பால் மூன்று ஒயரும் நடுவில் ஒரு தீக்குச்சிப் பள்ளமும் இருந்தன.

வெள்ளைப் பசையில் ஒட்டியதன் பலன் அப்போது தெரிந்தது. வெந்நீர் தெளித்து, மேலே ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். தோசைத் திருப்பியை அடியில் கொடுத்ததும் தடம் முழுசாகக் கழன்று வந்தது. பாயிண்ட் இரண்டையும் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவிக் காயவைத்தேன். அவை இப்போது மூன்றாவது பலகையில் இருக்கின்றன. தோசைத் திருப்பி சமையலறைக்குத் திரும்பவில்லை, வீட்டில் புதிது வாங்கச் சொல்லிவிட்டார்கள்.