கிராம சபையில் உங்கள் ஊர்க் கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வைப்பது எப்படி?

ஏற்காட்டு மலையில் எங்கள் ஊருக்கு வரும் குடிநீர்க் குழாய் மூன்று இடத்தில் உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. மேட்டில் இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. பெண்கள் குடத்தோடு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கிப்போய் எடுத்து வருவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கிராம சபைக்குப் போன அன்று, எழுந்து நின்று இதைச் சொன்னேன். "பார்க்கலாங்க" என்றார்கள். சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் பழைய தீர்மானங்களை வாசித்தார்கள். எங்கள் குழாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பேசியது நோட்டில் ஏறவில்லை.

அன்றிலிருந்து என் கவனமெல்லாம் அந்தத் தீர்மான நோட்டின் மேல்தான். இதுவரை கிராம சபைப் பக்கமே போகாதவர்கள், நம் கோரிக்கை அதில் எழுதப்படும்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

1. நீங்கள் உறுப்பினரா என்று பாருங்கள்

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். வேறு எதுவும் வேண்டாம். நிலம் இருக்க வேண்டியதில்லை, வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. 'வீட்டுக்கு ஒருத்தர்' என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஒரு வீட்டில் ஐந்து ஓட்டு இருந்தால் ஐந்து பேரும் உறுப்பினர்கள்தான். கணவர் போய் மனைவிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதும் கூடாது. 2016-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி இடம் பெண்களுக்கு. மேடையில் பாதி என்றால் பாயில் உட்காரும் கூட்டத்திலும் பாதியாவது இருக்க வேண்டாமா?

எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்பம் வருடக்கணக்கில் மலையில் இருக்கும், ஓட்டு மட்டும் கீழே சொந்த ஊரில் இருக்கும். அப்படியென்றால் இங்கே உறுப்பினர் ஆக முடியாது. படிவம் 8 கொடுத்து ஓட்டை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

2. தேதியைக் குறித்து வையுங்கள்

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான் இருந்தது. மார்ச் 22 (உலக தண்ணீர் தினம்), நவம்பர் 1 (உள்ளாட்சிகள் தினம்) இரண்டும் பின்னால் சேர்ந்தவை.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆறும் ஒன்றல்ல. பழைய நான்கும் விடுமுறை நாட்கள், கூலி போகாமல் வரலாம். மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் வார நாளில் வந்தால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் வர வேண்டும். மே 1 அன்று சீசன் கூட்டம் மேலே ஏறிக்கொண்டிருக்கும், பஸ்ஸில் இடம் கிடைக்காது. இருந்தாலும் தண்ணீர்ப் பிரச்சினைக்கு நான் மார்ச் 22-ஐத்தான் சொல்வேன். கோடை முற்றிய பிறகு மே மாதத்தில் கேட்டால், தீர்மானம் வேலையாக மாறுவதற்குள் மழையே வந்துவிடும்.

கூட்டம் எந்த இடத்தில் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஊராட்சியின் குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்த வேண்டும், கோயில் வளாகம் போன்ற வழிபாட்டு இடங்களில் நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். மலையில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு பள்ளமும் ஒரு மேடும் இருக்கும். எப்போதும் ஒரே ஊரில் நடந்தால் மற்ற ஊர்களிலிருந்து வயதானவர்கள் வரவே முடியாது. 'அடுத்த கூட்டம் எங்கள் ஊரில்' என்று கேட்பதேகூட ஒரு நல்ல கோரிக்கை.

3. வேலை யாருடையது?

குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊருக்குள் இருக்கும் சாலை, சுடுகாடு எல்லாம் ஊராட்சியின் நேரடி வேலை. இவற்றுக்கு 'செய்து தர வேண்டும்' என்று எழுதலாம். பஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலை எல்லாம் வேறு துறைகள். அவற்றுக்கு 'சம்பந்தப்பட்ட துறையைக் கேட்டுக்கொள்கிறது' என்று எழுத வேண்டும். இந்த ஒரு வார்த்தை மாறினால் தீர்மானம் போக வேண்டிய மேசைக்குப் போகாது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊருக்குப் போகும் வழி காட்டு நிலமாக இருக்கும். "ஃபாரஸ்ட் விடமாட்டாங்க" என்ற ஒரே பேச்சில் எத்தனையோ சாலைகள் நின்றுபோகின்றன. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பி என்று 13 வகைப் பொது வசதிகளுக்குக் காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். ஒவ்வொரு பணிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. இவற்றோடு கிராம சபையின் பரிந்துரையும் கட்டாயம். அதாவது, கோப்பில் இருக்க வேண்டிய ஒரு முக்கியமான தாளை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் கூடும் சபைக்குக் கணக்கு வேறு. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். சாலை கேட்கும் ஊர்க்காரர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. மனுவைத் தீர்மானத்தின் வாசகத்திலேயே எழுதுங்கள்

நான் முதல்முறை செய்த தவறு இங்கேதான். 'தண்ணீர்ப் பிரச்சினை' என்று பொதுவாகச் சொன்னேன். அதை எப்படி எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை, பக்கத்து வீட்டுச் சின்னம்மாவும் நானும் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை அளந்தோம். தண்ணீர் ஏறாத வீடுகளை எண்ணினோம். பிறகு இப்படி எழுதினோம்:

'எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து அங்கன்வாடி வரை போகும் குடிநீர்க் குழாயில் மூன்று இடங்களில் உடைப்பு உள்ளது. மேட்டில் உள்ள 11 வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. 40 அடி நீளத்துக்குக் குழாயை மாற்றி, ஒரு வால்வு பொருத்தி ஊராட்சி நிர்வாகம் செய்து தர வேண்டும் என்று இக்கிராம சபை தீர்மானிக்கிறது.'

எங்கே, என்ன, எத்தனை வீடு, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் மூன்றே வாக்கியத்தில் வந்துவிட்டது. எழுதுகிறவர் இதை அப்படியே நோட்டில் இறக்கினால் போதும். மனுவை இரண்டு பிரதி எடுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் (நம் ஊர்களில் இன்னும் கிளார்க் என்றுதான் கூப்பிடுகிறோம்) ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

5. ஆள் சேருங்கள்

கோரம் (கூட்டத்துக்கு வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மனுவாக இருந்தாலும் பயனில்லை. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஊரில் ஒரு துக்கமோ கல்யாணமோ என்றால் இதைவிட அதிகமாகவே கூடிவிடுகிறோம். முதல் நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போடுவதைவிட வாசலில் நின்று கூப்பிட்டால்தான் வருவார்கள்.

6. கூட்ட நாள்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன், பக்கத்தின் மேலே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாளாக நீட்டினால், "தேதியை எழுதிட்டுக் குடுங்க" என்று மரியாதையாகச் சொல்லலாம். அதில் தப்பே இல்லை.

தலைவர்தான் கூட்டத்தை நடத்துவார். எங்கள் சேலம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லையே, கூட்டம் எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். தலைவரின் பதவிக்குத்தான் ஐந்து வருடக் கணக்கு. நம் உறுப்பினர் உரிமை, பட்டியலில் பெயர் இருக்கும்வரை இருக்கும். அப்படிப்பட்ட காலத்தில்தான் கட்டாயம் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

வரவு செலவு வாசிக்கும்போது காதைக் கொடுங்கள். வெளியே டீ குடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் போவது இந்த நேரத்தில்தான், தயவுசெய்து போகாதீர்கள். "ஃபண்டு இல்லை" என்று சொன்னால், "எந்தத் தலைப்பில் இல்லை?" என்று கேளுங்கள். மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த, 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் நம் ஊராட்சியின் திட்டமும் செலவும் தெரியும். ஃபோனில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் கேள்வி தெளிவாக வரும்.

உங்கள் முறை வந்ததும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். மனுவை வாசியுங்கள். கடைசியில், "இதைத் தீர்மானமாகப் போடுங்க" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். வேறு குக்கிராமத்துக்காரர் ஒருவர் எழுந்து "சரிதாங்க, போடுங்க" என்று சொன்னால் பலம் கூடும். அதற்காக அவர்கள் ஊர்த் தெருவிளக்கு மனு வரும்போது நாமும் எழுந்து நிற்க வேண்டும். அப்புறம் நோட்டில் எழுதி முடிக்கும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

7. கூட்டம் முடிந்த பிறகு

பதினைந்து நாள் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். நகல் தரத் தயங்கினால், 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் கையில் இருந்தால் ஏற்காடு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குப் போகலாம். அங்கேயும் நகரவில்லை என்றால், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். தனி ஆள் மனுவாகப் போவது வேறு, ஊரே கூடி எழுதிய தீர்மானத்தின் நகலோடு போவது வேறு.

கீழே சேலம் மாநகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. 60 வார்டுகளுக்கும் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. அங்கேயும் நான்காம் படியில் சொன்ன மாதிரி அளந்து, எண்ணி, மூன்று வாக்கியத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

8. வேலை நடந்த பிறகும் ஒரு கூட்டம் இருக்கிறது

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் குழாயை மாற்றினார்கள், வால்வும் வந்தது. அதற்கு அடுத்த கிராம சபைக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் போனோம். செலவுக் கணக்கை வாசித்துக்கொண்டே வந்தார்கள். குழாய் என்ற வார்த்தை வந்ததும் சின்னம்மா எழுந்தார்.

"தம்பி, நோட்டுல எத்தனை அடின்னு போட்டிருக்குதுங்க?"

செயலர் விரலை வைத்துப் பக்கத்தில் தேடினார். "நாப்பது அடிங்கம்மா."

"சரிங்க, நாங்களும் கயித்துல அளந்து பார்த்துட்டுதான் வந்தோம். நாப்பதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செயலர் அடுத்த வரியை வாசிக்க ஆரம்பித்தார்.