உலாவி நீட்டும் செய்திகளை நம் வசப்படுத்துவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நான் போயிருந்தபோது தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “இதுல வெள்ளி விலையத் தவிர வேற செய்தியே வர மாட்டேங்குது. உலகத்துல வேற ஒண்ணுமே நடக்கலையாப்பா?” என்று கேட்டார். அவர் எந்த நாளிதழின் தளத்தையும் திறந்திருக்கவில்லை. குரோம் என்ற உலாவியில் (பிரவுசர்) புதிய தாவல் (டேப்) ஒன்றைத் திறந்ததும் தேடல் பெட்டிக்குக் கீழே தாமாகவே வந்து நிற்கும் செய்தி அட்டைகளைத்தான் அன்றைய செய்தித்தாள் என்று எண்ணிப் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் போன்றவர்களுக்காகவும், அவர்களிடமிருந்து கைப்பேசியை வாங்கிச் சரிசெய்து கொடுக்க வேண்டிய பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோம் வைத்திருப்பவர்களே நம்மிடையே அதிகம் என்பதால் அதை விரிவாகவும் மற்ற உலாவிகளைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது

நாளிதழின் முதல் பக்கத்தை ஓர் ஆசிரியர் குழு தீர்மானிக்கிறது. சேலம் பதிப்பை வாங்குகிற அனைவருக்கும் அதே முதல் பக்கம்தான் கிடைக்கும். குரோம் காட்டும் பட்டியலுக்கு அப்படி ஒரு பொதுவான முதல் பக்கம் கிடையாது. ‘டிஸ்கவர்’ என்று 2018 முதல் கூகுள் பெயரிட்டு அழைக்கும் இந்தப் பட்டியல், உங்கள் கூகுள் கணக்கில் பதிவாகியிருக்கும் தேடல்கள், திறந்து படித்த பக்கங்கள், நீங்கள் அனுமதித்திருந்தால் உங்கள் இருப்பிடம் ஆகியவற்றைக் கொண்டு உங்களுக்கென்றே தொகுக்கப்படுகிறது. பெரியப்பா தினமும் காலையில் முதல் வேலையாக வெள்ளி விலையைத் தேடியிருக்கிறார்; ‘அதிரடிச் சரிவு’, ‘கிடுகிடு உயர்வு’ என்று வந்த ஒவ்வோர் அட்டையையும் தவறாமல் தொட்டுத் திறந்திருக்கிறார். மென்பொருள் அதை அவருடைய விருப்பமாகக் கணக்கிட்டுக்கொண்டது. ஒரே கைப்பேசியை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தினால் நால்வரின் ஆர்வமும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். பேரன் பார்த்த கிரிக்கெட்டும் பாட்டி தேடிய மூட்டு வலி மருந்தும் அடுத்தடுத்த அட்டைகளாக வருவது அதனால்தான்.

இந்த அட்டைகளுக்கு நடுவே விளம்பரங்களும் வரும். ‘ஸ்பான்சர்’ என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுவது நல்லது.

படி 1: செய்தி எந்த வழியாக வருகிறது என்று கண்டறிதல்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, ஓரிடத்தில் நிறுத்திய பிறகும் செய்தி வருகிறதே என்று குழம்புகிறார்கள். மூன்று வழிகள் உள்ளன. உலாவியைத் திறந்து புதிய தாவலைத் தொட்டால் மட்டும் அட்டைகள் தெரிகின்றன என்றால், அது உலாவியின் பட்டியல். பல கைப்பேசிகளில் முகப்புத் திரையை வலப்புறமாகத் தள்ளினால் இதே போன்ற அட்டைகள் தோன்றும். அது உலாவி அன்று, கூகுள் செயலி. மூன்றாவதாக, நீங்கள் எதையும் திறக்காமலேயே மணியோசையுடன் திரையின் மேற்பகுதியில் செய்தி விழுகிறது என்றால், ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப நீங்கள் எப்போதோ அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதைத் தொடுக’ என்று கேட்டு ஏமாற்றி அந்த அனுமதியைப் பெறும் தளங்கள் உண்டு. ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிரிடும் நண்பர் ஒருவரின் கைப்பேசியில் இப்படிப் பதினொரு தளங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவருக்கு நினைவில்லை.

இந்த மூன்றாவது வழியை அடைக்க, குரோமின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்ற வரிசையில் செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பெயர்கள் அங்கே தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து அனுமதியை நீக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் போன்ற உங்களுக்குத் தேவையான தளங்கள் இருந்தால் அவற்றை மட்டும் விட்டுவிடலாம்.

படி 2: வேண்டாததை வேண்டாம் என்று சொல்லுதல்

பட்டியலை உடனே மூடிவிடுவதற்கு முன் சில நாட்கள் அதைப் பழக்கிப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு செய்தி அட்டையின் கீழ் ஓரத்திலும் மூன்று புள்ளிகள் இருக்கும். அவற்றைத் தொட்டால், அந்தச் செய்தியை மட்டும் மறைக்கவும், அந்தப் பொருளில் ஆர்வமில்லை என்று தெரிவிக்கவும், அந்தத் தளத்திலிருந்து எதையும் காட்ட வேண்டாம் என்று சொல்லவும் தனித்தனி வரிகள் வரும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று மாறினாலும் கருத்து இதுதான். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பெரியப்பாவுக்கு வெள்ளி விலை வேண்டும், பரபரப்புத் தலைப்புகள்தான் வேண்டாம். அவர் ‘வெள்ளியில் ஆர்வமில்லை’ என்று சொல்லிவிட்டால் உருப்படியான விலைச் செய்தியும் போய்விடும். எனவே தலைப்பில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் எழுதுகிற இரண்டு மூன்று தளங்களை மட்டும் விலக்கினோம். ஒரு நடிகரைப் பற்றிய செய்தி எந்தத் தளத்திலிருந்தும் வேண்டாம் என்றால், அப்போது பொருளை விலக்க வேண்டும்.

வேண்டாத அட்டையைத் திறந்து படித்துவிட்டுப் பிறகு திட்டுவதில் பயனில்லை, ஏனெனில் நம் திட்டு மென்பொருளுக்குக் கேட்பதில்லை, தொட்டது மட்டுமே பதிவாகிறது.

அட்டையில் நாளும் நேரமும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாம் எல்லோரும் பார்க்கிறோம். பாசனத்துக்கு அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்க நெருங்க இன்னும் அதிகமாகவே பார்க்கிறோம். ‘அணை 120 அடியை எட்டியது’ என்ற தலைப்பு எந்த ஆண்டுக்கும் பொருந்தக்கூடியது. சென்ற ஆண்டுச் செய்தியைத் திறந்து படித்து, காவிரிக் கரையில் இருக்கும் உறவினருக்கு வெள்ள எச்சரிக்கையாக அனுப்பிவைத்த அனுபவம் எனக்கே உண்டு. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது என்பது போன்ற செய்திகளிலும் இதே கவனம் தேவை. மலையில் கைப்பேசி இணைப்பு விட்டு விட்டுக் கிடைக்கும் இடங்களில், முன்பு இறக்கி வைத்த அட்டைகளே மறுநாளும் திரையில் நிற்கக்கூடும்.

படி 3: கணக்கில் சேரும் பதிவுகளைக் கட்டுப்படுத்துதல்

கைப்பேசியின் அமைப்புகளில் கூகுள் என்ற பகுதிக்குச் சென்று, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்து, தரவு மற்றும் தனியுரிமை என்ற பிரிவில் ‘வலை மற்றும் ஆப்ஸ் செயல்பாடு’ என்பதைத் தேடுங்கள். உங்கள் தேடல்கள் நாள்வாரியாக அங்கே பதிவாகியிருப்பதைக் காணலாம். முதன்முறை பார்ப்பவர்களுக்குச் சற்றுத் திகைப்பாகவே இருக்கும். வேண்டாத பதிவுகளைத் தனித்தனியே அழிக்கலாம். 3, 18 அல்லது 36 மாதங்களுக்கு மேல் பழையவை தாமாக அழியும்படியும் அமைக்கலாம். குரோமின் வரலாற்றையும் இந்தப் பதிவில் சேர்க்கலாமா என்று கேட்கும் சிறிய கட்டம் ஒன்று உண்டு. அதிலுள்ள குறியை எடுத்துவிட்டால், உலாவியில் நீங்கள் சுற்றித் திரிந்த தளங்கள் இந்தக் கணக்கில் சேராது. நான் எல்லோருக்கும் முதலில் செய்துகொடுப்பது இதைத்தான்.

தமிழ்ச் செய்திகள் வராமல் ஆங்கிலமே வருகிறது என்பவர்கள், அதே கணக்கில் தனிப்பட்ட தகவல் என்ற பிரிவிலுள்ள மொழிப் பட்டியலில் தமிழையும் சேர்க்க வேண்டும்.

படி 4: முழுவதுமாக நிறுத்துதல்

குரோமில் புதிய தாவலைத் திறந்து, டிஸ்கவர் என்ற தலைப்பு தெரியும் வரை கீழே நகர்த்துங்கள். அதன் அருகிலுள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் நிறுத்துவதற்கான வரி கிடைக்கும். கூகுள் செயலிக்கு இது பொருந்தாது. அந்தச் செயலியில் உங்கள் படத்தைத் தொட்டு, அதன் அமைப்புகளுக்குள் சென்று அங்கேயும் தனியாக நிறுத்த வேண்டும்.

கணினியில் எட்ஜ் உலாவி வைத்திருப்பவர்கள் புதிய தாவலின் மேல் மூலையிலுள்ள பற்சக்கரத்தைத் திறந்து, உள்ளடக்கத்தைக் காட்டாதபடி மாற்றலாம். எட்ஜில் வருபவை மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.என். தொகுப்பிலிருந்து வருகின்றன. அந்த நிறுவனம் 2020 இல், செய்திகளைத் தெரிவுசெய்துவந்த ஒப்பந்தப் பத்திரிகையாளர்கள் பலரை விலக்கி, அந்தப் பணியின் பெரும்பகுதியைத் தானியங்கி மென்பொருளிடம் ஒப்படைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. ஃபயர்பாக்ஸில் புதிய தாவலின் மூலையிலுள்ள தனிப்பயனாக்கும் குறியைத் தொட்டு, கதைகள் என்பதற்கு எதிரிலுள்ள பொத்தானை அணைக்க வேண்டும். ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2017 இல் விலைக்கு வாங்கிய பாக்கெட் சேவைதான் நீண்ட காலம் அதற்குச் செய்திகளைக் கொடுத்துவந்தது. அந்த நாட்களில் ஒரு பகுதியிலுள்ள அனைவருக்கும் ஒரே பட்டியலை அனுப்பி, ஒருவரின் ஆர்வத்துக்கேற்ப வரிசைப்படுத்தும் வேலையை அவரவர் கணினிக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். எனக்கு நேர்மையாகத் தோன்றிய வழி அது. பாக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.

படி 5: உங்கள் பட்டியலை நீங்களே அமைத்தல்

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டவருக்கு வேண்டிய கிழங்கு விலையும் ஜவ்வரிசி நிலவரமும் இந்த அட்டைகளில் அபூர்வமாகவே வரும். அதிகம் பேர் படிக்கக்கூடியதை முன்னே தள்ளும் ஏற்பாட்டில், சிலருக்கு மட்டும் உயிரான செய்தி பின்னே போய்விடுகிறது. அத்தகைய தளத்தை நேரே திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால், ஒரு செயலியைப் போலச் சின்னமாக அது திரையில் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னும் சற்று முயல விரும்புகிறவர்கள் ஆர்.எஸ்.எஸ். (RSS) என்னும் செய்தி ஓடையைப் பயன்படுத்தலாம். 1999 இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில்தான் இந்த வடிவம் பிறந்தது. ஒரு தளம் புதிதாக வெளியிடுவதை அதே வரிசையில் அப்படியே தரும் இந்த முறையில், உங்கள் ஆர்வத்தை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. விவால்டி உலாவியில் இதற்கான படிப்பான் உள்ளேயே இருக்கிறது. மற்றவர்கள் ஃபீட்லி போன்ற சேவைகளில் தளத்தின் முகவரியை இட்டுச் சேர்க்கலாம். எல்லாத் தமிழ்த் தளங்களும் ஓடை தருவதில்லை, தேடித்தான் பார்க்க வேண்டும்.

பெரியப்பாவின் கைப்பேசியில் பட்டியலை நான் நிறுத்தவில்லை, “பொழுது போகணும்ல, இருக்கட்டும்” என்று அவர் தடுத்துவிட்டார். மூன்று தளங்களை விலக்கி, அறிவிப்புகளை அடைத்து, விலை நிலவரம் தரும் ஒரு பக்கத்தையும் மேட்டூர் நீர்மட்டம் தரும் ஒரு பக்கத்தையும் முகப்புத் திரையில் வைத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அவர் பட்டியலில் வெள்ளி குறைந்து, தங்கம் வரத் தொடங்கியிருந்தது. படி 2 ஐ மறுபடியும் செய்ய வேண்டும்.