தெரேச்சோ: ஆவண மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் கற்று ஆவண மொழிபெயர்ப்புக்கு வரும் புதியவர்களின் வரைவுகளைத் திருத்துவது என் வேலையின் ஒரு பகுதி. பால் பொருத்தம், வினைத் திரிபு போன்ற பிழைகள் பழகப் பழகத் தாமே மறைந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், ‘தெரேச்சோ’ என்ற சொல்லில் மட்டும் எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த இடத்திலேயே இவர்களும் விழுகிறார்கள். உரிமை, சட்டவியல், அரசுக் கட்டணம், நேராக, துணியின் நல்ல பக்கம் என இத்தனை பொருளும் அந்த ஒரே சொல்லுக்கு உண்டு.

வலப்பக்கம் திரும்பிவிடுதல்

மெக்சிகோவில் வழி கேட்பவரிடம் ‘சிகா தெரேச்சோ’ என்றால் நேராகப் போகச் சொல்கிறார்கள் என்று பொருள். வலப்பக்கம் என்பதற்கு ‘அ லா தெரேச்சா’ என்பார்கள். ஸ்பெயினில் நேராக என்பதற்கு ‘தோதோ ரெக்தோ’ என்பதே வழக்கம் என்பதால், அந்நாட்டுப் பாடநூலை மட்டும் படித்தவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

சட்டத்தை உரிமையாக்குதல்

‘எஸ்தாதோ தெ தெரேச்சோ’ என்பது சட்டத்தின் ஆட்சி. உரிமைகளின் நாடு அன்று.

கட்டணத்தை உரிமையாக்குதல்

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மெக்சிகோவில் 1981 டிசம்பர் 31 அன்று வெளியான ‘லே ஃபெதெரால் தெ தெரேச்சோஸ்’ என்ற சட்டத்தைக் ‘கூட்டாட்சி உரிமைகள் சட்டம்’ என்று எழுதிய வரைவுகள் என் மேசைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. குடிமக்களின் உரிமைகளுக்கும் அந்தச் சட்டத்துக்கும் தொடர்பில்லை. கடவுச்சீட்டு, குடியேற்ற அனுமதி, நீர்ப் பயன்பாடு, தொல்லியல் தலங்களுக்குள் நுழைவு போன்றவற்றுக்கு அரசு வசூலிக்கும் கட்டணங்களை வரையறுப்பது அது. அந்நாட்டு வரிச் சட்டத்தொகுப்பின் 2ஆம் பிரிவே வரியையும் ‘தெரேச்சோஸ்’ என்பதையும் தனித்தனி இனங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

சுரங்க ஒப்பந்தம் ஒன்றில், உரிமதாரர் எக்டேர் கணக்கில் ‘தெரேச்சோஸ்’ செலுத்துவார் என்றிருந்த வாசகத்தை, அவர் ‘உரிமைகளை விலைக்குப் பெறுவார்’ என்று ஒருவர் பெயர்த்திருந்தார். அதைப் படித்த வாடிக்கையாளர் ஒருமுறைச் செலவு என்று கணக்கில் எழுதிவிட்டார். மெக்சிகோவில் சுரங்கக் கட்டணம் ஜனவரியிலும் ஜூலையிலும், ஆண்டுக்கு இரு தவணைகளாகச் செலுத்தப்பட வேண்டியது; செலுத்தாமல் விட்டால் உரிமமே ரத்தாவதற்கும் சட்டத்தில் இடமுண்டு. ஜூலைத் தவணை தவறி, கூடுதல் தொகையோடு கட்டிய பிறகுதான் அந்த வரைவு என்னிடம் வந்தது. அகராதியில் முதல் பொருள் உரிமை என்றுதானே இருக்கிறது என்று மொழிபெயர்த்தவர் வாதாடினார். எக்டேர் என்ற சொல் அதே வரியில் கண்ணெதிரே நிற்கும்போது, உரிமையை எவராவது அளந்து வாங்குவார்களா என்று அவர் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

பன்மையில் வரும்போது வினையைப் பாருங்கள். ‘பகார்’ (செலுத்து), ‘கௌசார்’ (செலுத்த வேண்டியதாக்கு) ஆகிய வினைகளோடு வந்தால் பெரும்பாலும் கட்டணம். ‘எஹெர்செர்’ (பயன்படுத்து), ‘செதெர்’ (பிறருக்கு மாற்றிக்கொடு) ஆகியவற்றோடு வந்தால் உரிமை. வினையோடு நாட்டையும் பார்க்க வேண்டும். பெருவில் ‘தெரேச்சோ மினேரோ’ என்பது சுரங்க உரிமத்தையே குறிக்கும். அதற்காக ஆண்டுதோறும் கட்டும் தொகைக்கு ‘தெரேச்சோ தெ விஹென்சியா’ என்று பெயர். இரண்டும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருவதுண்டு. பொதுவாகப் பேசும்போது ‘தெரேச்சோ மினேரோ’ சுரங்கச் சட்டத்துறையையும் குறிக்கலாம் என்பது கூடுதல் தலைவலி.

‘நோ ஆய் தெரேச்சோ’

சட்டமே இல்லை என்று எழுதாதீர்கள். ‘இது அநியாயம்’ என்ற புலம்பல் அது.

‘தெரேச்சோ தெ பிசோ’

மெக்சிகோச் செய்திகளில் இது, குற்றக் கும்பல்கள் கடைக்காரர்களை மிரட்டி வாங்கும் மாமூல். அர்ஜென்டினாவிலோ, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் தொடக்கத்தில் படும் பாட்டை இப்படிச் சொல்வார்கள்; அங்கே பணம் எதுவும் கைமாறுவதில்லை.